மூன்று காலியும் ஒரு டப்பாவும்

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். விட்டால் வேறு யாராவது தான் கட்டியதாகச் சொல்லிவிடுவார்கள். அப்படி நடந்திருக்கிறது.

நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் இந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியின் ஆறு மாடிக் கட்டடத்தில் என் கொத்துக்கரண்டி படாத சுவர் கிடையாது. மொட்டைமாடியில் சூரிய ஒளித் தகடுகள் நிற்கிற மேடை நான் போட்டது. டெல்லிப் புழுதிப்புயலுக்கு இது தாங்காது, பறந்துவிடும் என்றார் இன்ஜினியர். எத்தனையோ புயல் வந்துபோய்விட்டது, ஒரு தகடு அசையவில்லை. அந்த இன்ஜினியர்தான் வேறு கம்பெனிக்குப் பறந்துபோனார். வண்டி நிறுத்துமிடத்துக்கு அடியில் இருக்கிற மழைநீர்த் தொட்டி நான் தோண்டியது. பாறை என்றார்கள். பாறைதான். தோண்டினேன். தரைத்தளத்தில் துப்புரவுப் பெண்களுக்கென்று கதவும் தாழ்ப்பாளும் மின்விசிறியுமாக ஓர் அறை இருக்கிறதே, அது கட்டட வரைபடத்திலேயே கிடையாது. அதுவரை அவர்கள் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ‘வரைபடத்தில் இடமில்லை’ என்றார் அட்மின் மேலாளர் கபூர். நான் வரைபடத்தில் தேடவில்லை, கட்டடத்தில் தேடினேன். இருந்தது.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் மூன்றாம் வகுப்பு வாத்தியார் பாதியில் மாற்றலாகிப் போய்விட்டதால் இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கலவை தூக்க டெல்லிக்கு வந்தவன், மேஸ்திரி ஆனேன். கட்டடம் முடிந்ததும், கட்டியவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று கம்பெனி என்னைப் பராமரிப்பு மேற்பார்வையாளராக வைத்துக்கொண்டது. நீங்கள் இன்று உட்காரும் அந்த அடித்தள நாற்காலியில் நான் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். அதன் இடதுகால் ஆடும். ஆட்டத்தை நிறுத்த வைத்திருக்கும் அட்டைத்துண்டும் நான் வைத்ததுதான்.

என் இடத்துக்கு வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதச் சொன்னவர் நந்தினி மேடம். சுற்றுச்சூழலுக்கு என்ன செய்தோம், சமூகத்துக்கு என்ன செய்தோம் என்று கம்பெனி வருடா வருடம் பளபளவென்று ஒரு அறிக்கைப் புத்தகம் போடுகிறதே, அதற்குப் பொறுப்பு அவர்தான். ஆர்.கே.புரம் அரசாங்கக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவார், படிக்க வராது. ஆகவே இதையும் யாரையாவது படிக்கச் சொல்லித்தான் கேட்கப்போகிறார். படிக்கிறவர் எதையும் விழுங்காமல் படிக்கவும்.

அந்தப் புத்தகத்தில் அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை பச்சை. பச்சைக் கட்டடம், பச்சை மின்சாரம், பச்சை எதிர்காலம். என் பெயர் பச்சையப்பன். அந்தப் பச்சை மட்டும் ஒரு பக்கத்திலும் இல்லை. இருக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

மேற்பார்வையாளர் வேலை என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது கம்பெனி இல்லை. நான் முதன்முதலில் கலவை தூக்கிய இடத்தில் ஒரு கிழ மேஸ்திரி இருந்தார். ஒருநாள் சுவர் ஒன்று அரை விரல் சாய்ந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் வந்து கத்துகிறார், ஆட்கள் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். கிழவர், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தன் இடுப்பில் வைத்திருந்த தூக்குக்குண்டை எடுத்து, அதன் நூலை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நூலில் ஒரு முடிச்சு. ‘என் குண்டுதான் பொய் சொல்லியிருக்கு, ஆளுங்கள விடுங்க’ என்றார். அன்றைக்கு எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இத்தனை வசவு வாங்குகிறாரே, முடிச்சை அவிழ்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

இப்போது டப்பா விஷயம்.

நந்தினி மேடம் வந்த புதிதில் குப்பையைப் பிரித்துப் போடவேண்டும் என்று திட்டம் வந்தது. அடித்தளத்தில் மூன்று நிறத்தில் வரிசையாக டப்பாக்கள். சாப்பாட்டு மிச்சத்துக்குப் பச்சை. காகிதத்துக்கு நீலம். செத்த பேட்டரி, ஒயர், உடைந்த மவுஸ் இவற்றுக்குக் கறுப்பு. லேப்டாப் பேட்டரி இருக்கிறதே, அது சாகும்போது வயிறு வீங்கிச் சாகும். காகிதத்தோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். அதனால் கறுப்பு டப்பா முக்கியம் என்று மேடம் எனக்கு மூன்று தடவை சொன்னார்.

அடித்தளத்தைப் பார்த்துக்கொண்டவள் அஞ்சலை. எங்கள் பக்கத்துப் பெண்தான், நாலாவோரக் குடியிருப்பில் வீடு. நாலா என்றால் சாக்கடைக் கால்வாய். டெல்லியில் இருந்து இருந்து எனக்கு அந்தச் சொல்தான் முதலில் வருகிறது. அவளுக்கு இந்தி எழுத்து தெரியாது. ஆனால் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படிக்கிற மகளோடு உட்கார்ந்து, நாற்பது வயதுக்கு மேல் தமிழ் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தாள். பேருந்தில் யாராவது தமிழ்ப் பத்திரிகை விரித்தால் எட்டிப் படித்து, அவர்கள் பக்கம் திருப்பும்வரை காத்திருப்பாள். ஆகவே நந்தினி மேடம், “அங்கிள், அவங்களுக்காக டமில்ல ஒரு போர்டு பண்ணுங்க” என்றார்.

பண்ணினேன். நல்ல பலகை, நல்ல பெயின்ட், என் கையெழுத்து. ‘பேட்டரி – காலி டப்பாவில் போடவும்.’

சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கறுப்பு என்று எழுதியிருக்கலாம்தான். ஆனால் முப்பது வருடம் டெல்லியில் இருந்தவன், இந்தி தெரிந்தவன் என்பது பலகையில் தெரியவேண்டாமா? கறுப்பு மஞ்சள் டாக்ஸியை இந்த ஊரே ‘காலி பீலி’ என்கிறது. ஆகவே கறுப்புக்குக் காலி என்று எழுதினேன். இந்தியில் டப்பா ஆணாம்; ஆணென்றால் ‘காலா’ என்று சொல்லவேண்டுமாம். டப்பா ஆணா பெண்ணா என்று நான் எங்கே பார்த்தேன்? இப்போது அறிக்கையில் ஆண் பெண் சமத்துவம் என்று தனிப் பக்கம் போடுகிறார்கள். என் இந்தியில் அது முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

மேடத்துக்குப் படிக்க வராதே, நானே படித்துக் காட்டினேன். “பேட்டரி, காலி டப்பா.” என் இந்தி அவருக்குப் பழக்கம், கறுப்பு என்றே எடுத்துக்கொண்டார். “அச்சா அங்கிள், பர்ஃபெக்ட்” என்றார். மறுநாள் வந்து பார்த்தார். கறுப்பு டப்பாவில் நான்கு பேட்டரிகள் சமர்த்தாகக் கிடந்தன. படம் எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நான் எழுதிய பலகை, அதில் தப்பு வருமா?

நவம்பர் வந்தது. டெல்லி நவம்பர் உங்களுக்குத் தெரியும். புகைமூட்டத்தில் எதிர்க் கட்டடம் இருக்கிறதா இடித்துவிட்டார்களா என்று கைவைத்துத்தான் பார்க்கவேண்டும். அந்த வாரத்தில்தான் வெளியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். அறிக்கையில் எழுதியதெல்லாம் உண்மைதானா என்று பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் புத்தகம் அச்சுக்குப் போகும். குச்சிபோல் மெலிந்த மனிதர், எதற்கும் முகம் மாறாது. கபூர், நந்தினி மேடம், நான் மூவரும் அவரைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் அடித்தளத்துக்கு இறங்கினோம். அங்கே மங்கலாகப் புகை. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஊரே அப்படித்தானே இருக்கிறது! கபூர், காற்றைச் சுத்தப்படுத்தும் கருவி எங்கே வைத்திருக்கிறோம் என்று விளக்கிக்கொண்டே நடந்தார்.

அஞ்சலைதான் எதிரே ஓடிவந்தாள்.

“மேஸ்திரிண்ணே, இது ஊரு பொகை இல்லண்ணே. நம்ம பொகை. பிளாஸ்டிக்கு நாத்தம் அடிக்குது பாருங்க!”

நீல டப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. காகிதத்துக்கு அடியில் ஒரு பேட்டரி. கபூர் தண்ணீர் தண்ணீர் என்று கத்தினார். நான் சுவரில் தொங்கிய மணல் வாளியை எடுத்துக் கவிழ்த்தேன். இரண்டாவது வாளியை அஞ்சலை கவிழ்த்தாள். மணலோடு எனக்கு இருக்கிற பழக்கம் கபூருக்குத் தண்ணீரோடுகூட இருக்காது. தீ, தீயாவதற்குள் அடங்கிவிட்டது. இதை யாரும் புத்தகத்தில் போடவில்லை.

புகை குறைந்ததும் ஆய்வாளர் குனிந்து மற்ற டப்பாக்களைப் பார்த்தார். பச்சையில் இரண்டு பேட்டரி. இன்னொரு நீலத்தில் மூன்று. கறுப்பில், மேடம் அன்றைக்குப் படம் எடுத்த அதே நான்கு.

கபூரின் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. அஞ்சலையைப் பார்த்து இந்தியில், “யே கிஸ்னே டாலா?” என்றார். யார் போட்டது என்கிறார்.

“ஹம் டாலா சாப்.” நான்தான் போட்டேன் என்று பயமே இல்லாமல் சொன்னாள்.

“கியூன்?” ஏன் என்கிறார்.

“மேஸ்திரி காலி போலா சாப்.” மேஸ்திரி காலி என்று சொன்னார் என்கிறாள்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“காலி தியா? தும்கோ?” உனக்குக் காலி கொடுத்தாரா என்று கேட்ட கபூரின் குரல் திடீரென்று இறங்கிவிட்டது.

“ஹாங் சாப். ரோஜ் காலி.” தினமும் காலி என்கிறாள். அதோடு விட்டாளா? பலகையைக் கைகாட்டி, “போர்டு மே பீ லிக்கா” என்றாள். பலகையிலும் எழுதியிருக்கிறார் என்கிறாள்.

நந்தினி மேடம் என் காதருகே வந்து, “அங்கிள், நீங்க அவங்களுக்குக் கெட்ட வார்த்தை குடுத்தீங்களா? எழுதியா குடுத்தீங்க?” என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

அப்போதுதான் விளங்கியது. இந்தியில் கறுப்புக்கு ஒரு காலி. வெறுமைக்கு ஒரு காலி. வசவுக்கு ஒரு காலி. மூன்றையும் அவர்கள் தொண்டையின் மூன்று இடத்திலிருந்து எடுக்கிறார்கள். அவர்களிடம் ‘க’ நான்கு இருக்கிறது. நம்மிடம் ஒன்றுதான், நாம் அதை வைத்தே எல்லாக் காரியமும் பார்க்கிறோம். நான் எழுதியது கறுப்பு. அஞ்சலை படித்தது வெறுமை. கபூர் கேட்டது வசவு. பெண் தொழிலாளியை மேற்பார்வையாளன் தினமும் திட்டுகிறான், போதாததற்குப் பலகை எழுதி மாட்டியும் திட்டுகிறான். ஆய்வாளர் செல்பேசியை எடுத்து என் பலகையைப் படம் பிடித்தார். பெரிய வசவு என்று நினைத்திருப்பார், இரண்டு படம்.

“காலி நஹி சாப், காலி! காலி மத்லப் காலி!” என்று கத்தினேன். வசவு இல்லை சார், கறுப்பு என்று சொல்கிறேனாம். என் வாயில் எல்லாம் ஒன்றாகத்தான் வந்தது. ஓடிப்போய்க் கறுப்பு டப்பாவைத் தட்டி, “யே காலி!” என்றேன். கபூர் எட்டிப் பார்த்து, “இது எங்கே காலி? உள்ளே பேட்டரி இருக்கிறதே!” என்றார்.

அஞ்சலைக்கு இப்போது கோபம் வந்துவிட்டது.

“அதத்தானண்ணே நானும் சொல்றேன். மொத நாளு கருப்பு டப்பா காலியா இருந்துச்சு, போட்டேன். மறுநாளு அது காலியா இல்ல. காலி டப்பாவுல போடுன்னு எழுதி வச்சிருக்கீங்க. தெனம் எது காலியா இருக்குதுன்னு தேடித் தேடிப் போடறேன். எம்மாஞ் சிரமம் தெரியுமா? இன்னாத்துக்கு இந்த மனுசன் இப்பிடி எழுதி வச்சாருன்னு எம்பொண்ணுகிட்டகூடக் கேட்டேன். எதுனா காரணம் இருக்கும்மா, மேஸ்திரி மாமா தப்பா எழுதமாட்டாருன்னுச்சு.”

நந்தினி மேடம் அதைப் பாதி இந்தி, பாதி இங்கிலீஷில் மற்றவர்களுக்குச் சொன்னார். கபூருக்கு உயிர் வந்தது. வசவு இல்லை என்றாகிவிட்டது. மீதி அவருக்கு எளிது. என் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். அவர் சொன்னதன் சாரம் இது: ‘பச்சை பாய், பலகையில் கறுப்பு என்றுதானே எழுதியிருக்கிறாய்? ஆமாம் என்று சொல். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியவில்லை, மாற்றிப் போட்டுவிட்டாள், நாளையிலிருந்து வேறு ஆள் வருவாள் என்று ஆய்வாளரிடம் சொல்லிவிடுகிறேன். விஷயம் இங்கேயே முடியும்.’

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நாளைக்கு உங்கள் தோளிலும் இப்படி ஒரு கை விழும்.

அந்தத் தளத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும் அஞ்சலையும். நான் ‘ஆமாம்’ என்றால் அந்தப் பலகையில் கறுப்பு என்றுதான் இருக்கும். அவள் இல்லையென்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கோ ஓய்வு வயது தாண்டிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை கபூர் கையெழுத்துப் போட்டு நீட்டித்துக்கொண்டிருந்தார். அந்த வருடக் கையெழுத்து இன்னும் போடவில்லை. இதையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடாது.

அதற்குள் அஞ்சலையின் காதில் ஏதோ விழுந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, கபூரையும் பார்க்கவில்லை. பலகைக்கு எதிரே போய் நின்று, ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் விரல் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் சத்தமாகப் படித்தாள். “கா… லி… காலி. டப்… பா… டப்பா.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நான் சரியாதானண்ணே படிக்கிறேன்?”

வேலை போய்விடும் என்று அவள் அழவில்லை. சரியாகத்தான் படித்தோமா என்பதுதான் அப்போது அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

கிழ மேஸ்திரியின் நூலில் இருந்த முடிச்சு எனக்கு ஞாபகம் வந்தது. கபூரின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு ஆய்வாளரிடம் போனேன். இந்தியை நம்பவில்லை. “நந்தினி மேடம், நான் சொல்றத அப்படியே சொல்லுங்க” என்று தமிழிலேயே சொன்னேன். “இந்த அம்மா படிச்சது சரி. எழுதினது தப்பு. எழுதினது நான். எனக்கு இந்தி நல்லா வரும்னு காட்டறதுக்காக எழுதினேன்.”

கடைசி வாக்கியத்தை மேடம் மொழிபெயர்க்கவில்லை. “அதையும் சொல்லுங்க” என்றேன்.

சொன்னார். முகமே மாறாத அந்த ஆய்வாளர் சிரித்தார். சத்தமாக, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு பழையபடி முகத்தை வைத்துக்கொண்டு, சரிசெய்துவிட்டுக் கூப்பிடுங்கள், கையெழுத்து அப்புறம் என்று போய்விட்டார்.

சரிசெய்தேன். பேட்டரி டப்பாவுக்கு மூன்று பக்கம் செங்கல் சுவர், கீழே மணல் படுக்கை, எல்லாம் என் கையால் இரண்டே நாளில். பலகையில் இந்தமுறை கறுப்பு என்றே எழுதப்போனேன். அஞ்சலை தடுத்துவிட்டாள்.

“எழுத்தே வேணாண்ணே. நாளைக்கி பீகாருக்காரி வருவா, ஒரியாக்காரி வருவா. அவங்களுக்கு எந்தக் காலின்னு எழுதுவீங்க?” என்றவள், உடைந்த மவுஸ் ஒன்றை எடுத்து, ஒயரைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். “இத வாலப் புடிச்சுத் தொங்கவுடுங்க. செத்த எலி எங்க தொங்குதோ அங்கதான் செத்த பேட்டரியும்னு சொன்னா யாருக்கும் வெளங்கும்.”

தொங்கவிட்டோம். நீல டப்பாவுக்கு மேலே கசங்கின காகிதம், பச்சைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் வாழைப்பழம். அடுத்த தடவை ஆய்வாளர் வந்தபோது எலியைத் தானே ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இப்போது கம்பெனியின் எல்லா ஊர்க் கட்டடத்திலும் எலி தொங்குகிறதாம்.

எனக்கு அந்த வருடம் நீட்டிப்புக் கையெழுத்து விழவில்லை. கபூருக்கு நிறைய வேலை, மறந்திருக்கலாம். வருத்தமில்லை என்று சொல்லமாட்டேன். லக்ஷ்மிபாய் நகரில் மகள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மருமகனுக்குக் கிடைத்த அரசாங்கக் குடியிருப்பின் சுவர் எங்கெங்கே கோணல் என்று மருமகனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அடித்தளத்தைச் சுற்றிக் காட்டி, எலியை ஆட்டி, உங்களைச் சிரிக்கவைத்தாரே ஓர் அம்மாள், அவர்தான் அஞ்சலை. நான் அவள் அவள் என்று எழுதிவிட்டேன். எனக்குத் தங்கை முறை, வாய் அப்படியே பழகிவிட்டது. நீங்கள் அவர் என்றே சொல்லவேண்டும். அவர் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். எந்தப் பலகை மாட்டினாலும், எழுதியவர் அதைப் படித்துக் காட்டக்கூடாது. அந்த இடத்தைப் பெருக்கப்போகிறவரைக் கூப்பிட்டு, ‘இதப் படிச்சா நீ இன்னா செய்வே?’ என்று கேட்பார். பதில் சரியாக வந்தால்தான் ஆணி அடிப்பார்கள். நான் கட்டிய எல்லாவற்றையும்விட அது உறுதியான சுவர். இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சிரமம் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

இப்போது அந்தப் பச்சைப் புத்தகத்துக்கு வருகிறேன். அதில் எலியின் படம் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. கீழே என்ன போட்டிருக்கிறது என்று மகளிடம் கேட்டேன். ‘மொழி தொடர்பான சிறு குழப்பத்தை எங்கள் குழு புதுமையான முறையில் தீர்த்தது’ என்றாள். குழப்பம் யாருடையது? குழு என்றால் எத்தனை பேர்? கபூரும் குழுவா?

நந்தினி மேடம், நல்லது செய்ததற்குப் பெயர் போடாவிட்டால் போகிறது என்றுகூட விட்டுவிடுவேன், உண்மையில் விடமாட்டேன். ஆனால் தப்புக்குப் பெயர் போடாமல் விட்டால், அது சும்மா கிடக்காது. துடைப்பம் வைத்திருக்கிறவர் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் ஐந்தாம் மாடியில், ‘படிக்கத் தெரியாத ஒரு அம்மா பேட்டரியை மாற்றிப் போட்டுவிட்டாராம்’ என்று சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஆகவே வரப்போகிற புத்தகத்தில், அந்த எலிப் படத்துக்குக் கீழே, இங்கிலீஷிலும் இந்தியிலும் தமிழிலும் இப்படி அச்சடிக்கவேண்டும். படிக்கிறவர் இதை மேடத்துக்கு இரண்டு தடவை படித்துக் காட்டவும்:

‘செங்கல் சுவர், மணல் படுக்கை: மேஸ்திரி பச்சையப்பன். எலி: அஞ்சலை. பலகையைச் சரியாகப் படித்தவர்: அஞ்சலை. தப்பாக எழுதியவர்: மேஸ்திரி பச்சையப்பன்.’

கடைசி வரியில் என் பெயர் மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். எழுத்து கறுப்பில் இருக்கட்டும்.